பச்சை நாடா முயல்கள்

ஜூன் 6, செவ்வாய்

ரத்த அழுத்தம் பார்க்கும் டாக்டரம்மா சொன்னதால் இதை எழுதுகிறேன். "கோபம் வந்தா வாயைத் தொறக்காதீங்க, நோட்டைத் தொறங்க" என்றார். வீட்டுக்காரர் தனக்கு மின்வாரியத்தில் கொடுத்த டைரியைப் பரணிலிருந்து எடுத்து மேசையில் போட்டுவிட்டு, "ஒண்ணு போதுமா, இன்னொண்ணும் வாங்கிட்டு வரட்டுமா?" என்று கேட்டார். புருஷனுக்கு நக்கலுக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

செவ்வாய் எங்களுக்கு முயல் நாள். கண் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கும் ஆராய்ச்சிக் கூடத்தில் படம் எடுப்பது என் வேலை. பதினான்கு வருஷம் மனிதர்களின் கண்ணுக்குள் பார்த்தேன், இப்போது இரண்டு வருஷமாக முயல்களின் கண்ணுக்குள். முயல்களே மேல். "இன்னும் எவ்வளவு நேரமாகும்?" என்று கேட்பதில்லை.

பன்னிரண்டு சாம்பல் முயல்கள். எல்லாவற்றுக்கும் வலது கண்ணின் பின்புறத்தில் ரத்த ஓட்டத்தை மந்தமாக்கியிருக்கிறார்கள். ஆறுக்கு மருந்துச் சொட்டு, ஆறுக்கு வெறும் உப்புநீர்ச் சொட்டு. முயலை மயக்கத்தில் படுக்கவைத்து, ஆராய்ச்சி மாணவி நிஷா அதன் காது நரம்பில் மஞ்சள் சாயத்தை ஏற்றிவிட்டு "போட்டாச்சு" என்பாள். நான் காலடியில் இருக்கும் பெடலை மிதிப்பேன். கடிகாரமும் படமும் ஒன்றாக ஓடத் தொடங்கும். சாயம் ரத்தத்தோடு போய்க் கண்ணுக்குள் பச்சையாகப் பளிச்சிடும். மிதித்ததிலிருந்து பளிச்சிடும்வரை எத்தனை வினாடி என்பதுதான் எங்கள் ஆராய்ச்சி. வினாடி குறைந்தால் ரத்தம் வேகமாக ஓடுகிறது, மருந்து வேலை செய்கிறது.

இந்த ஆராய்ச்சியை நடத்துகிற ஆவுடையப்பன் சார் கவனமான டாக்டர். படங்கள் அவர் மேசைக்குப் போகும்போது ரகசிய எண் மட்டும்தான் இருக்கும். எது மருந்து முயல் என்று தெரிந்தால் கண் ஆசைக்குத் தக்கபடி பார்த்துவிடுமாம். ஆனால் எது எது என்று எங்களுக்குத் தெரியும். சொட்டு மாறிப்போகக் கூடாதென்று முயல்களைப் பராமரிக்கும் மாடசாமி அண்ணாச்சி மருந்து முயல்களின் கூண்டில் பச்சை நாடா கட்டியிருக்கிறார்.

இன்று பன்னிரண்டும் நல்லபடியாக முடிந்தது. கால் வலி. கொத்தவரங்காய் வாங்கி வந்தேன், முற்றல்.

ஜூன் 8, வியாழன்

சாயம் போட்டால் இரண்டு நாளைக்கு முயல்கள் மஞ்சளாகவே மூத்திரம் பெய்யும். "மஞ்சத்தண்ணி ஊத்துத விளையாட்டால்லா இருக்கு, தட்டக் கழுவி என் கையும் மஞ்சளாப் போச்சு" என்று அண்ணாச்சி என்னைத்தான் ஏசினார். சாயம் போடுவது நிஷா, ஏச்சு எனக்கு.

ஜூன் 13, செவ்வாய்

இன்று எடுத்ததோடு சேர்த்து நாலு வாரப் படங்களையும் படித்து முடித்து, ரகசிய எண்ணைப் பிரித்துப் பார்த்துவிட்டார் சார். மருந்து முயல்களுக்கு ஏறக்குறைய ஒரு வினாடி குறைகிறதாம். முயல் கண்ணில் ஒரு வினாடி என்பது பெரிய விஷயம். சார் அறையிலிருந்து வெளியே வந்து, எல்லோர் முன்னாலும், "செண்பகவல்லி மாதிரி கால் யாருக்குமே கிடையாது" என்றார். பத்து வருஷத்தில் என்னைப் பாராட்டியது இதுதான் முதல் தடவை. அதுவும் காலை.

நிஷா என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். மேலப்பாளையத்திலிருந்து தினம் இரண்டு பஸ் மாறி வருகிற பெண். மூன்று வருஷமாக இந்த மருந்தின் பின்னாலேயே அலைகிறாள். ஆகஸ்டுக்குள் ஆய்வேட்டை முடிக்க வேண்டும். ஜூலையில் ஹைதராபாத்தில் நடக்கிற மாநாட்டில் அவளைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். "அக்கா, நீங்க மட்டும் இல்லன்னா நான் செத்தேன்" என்றாள். சும்மா சொல்கிறாள் என்று தெரிந்தாலும் வீடுவரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

எனக்கும் அந்த ஆறு முயல்களிடம் தனிப் பிரியம் வந்துவிட்டது. பச்சை நாடா முயல் மேசைக்கு வந்தால் மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்துவிடுகிறேன். இப்போது வரும், இப்போது வரும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். மற்ற ஆறும் வந்தால், சரி, மிதி, அடுத்தது.

ஜூன் 17, சனி

நாத்தனார் பேத்திக்குத் திருச்செந்தூரில் காதுகுத்து, செவ்வாயன்று. வேறு கிழமையே கிடைக்கவில்லையா என்று கேட்டதற்கு, "முயலுக்கு நாள் பாத்தா எங்க வீட்டு விசேஷம் வைக்கணும்?" என்றார் நாத்தனார். போகாமல் இருக்க முடியாது.

எனக்குப் பதில் ஞானதுரை படம் எடுப்பார். நாசரேத்துக்காரர், நாற்பது வயதிருக்கும், எக்ஸ்ரே பிரிவிலிருந்து ஒப்பந்தத்தில் வந்தவர். ஒப்பந்தம் இந்த மாதம் முப்பதோடு முடிகிறது, நீட்டித்தால் உண்டு. இரண்டு மணி நேரம் சொல்லிக் கொடுத்தேன். எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டார். எழுதிக்கொள்கிறவர்கள்மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது. இது கைப்பழக்கம்.

ஜூன் 20, செவ்வாய், திருச்செந்தூர்

குழந்தை வீறிட்டது, மாமன் கூட அழுதான். நான் கடற்கரைப் பக்கம் போய் நிஷாவுக்கு மூன்று தடவை போன் பேசினேன். "நல்லாப் போய்ட்டு இருக்குக்கா, நீங்க போய்ச் சாப்பிடுங்க" என்றாள். நல்லாப் போகிறது என்று கேட்டதும் எனக்கு ஏன் பிடிக்கவில்லை என்று தெரியவில்லை.

ஜூன் 21, புதன்

நினைத்தேன். ஞானதுரை எடுத்த படத்தில் மருந்து முயலுக்கும் மற்றதற்கும் வித்தியாசமே இல்லை! பன்னிரண்டும் ஒரே மாதிரி. ஒரு வினாடி எங்கே போயிற்று? சார் மேசையைத் தட்டினார். நிஷாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"போட்டாச்சுன்னு அவங்க சொன்ன உடனே மிதிச்சேன் மேடம்" என்றார் ஞானதுரை.

"உடனேன்னா?"

"உடனேதான். வேற என்ன செய்ய?"

பழகாத கால் என்று மட்டும் சொன்னேன்.

ஜூன் 22, வியாழன்

சார் எழுதிக் கேட்டார், எழுதிக் கொடுத்தேன். நாலு வரிதான். "திரு. ஞானதுரைக்கு இந்தக் கருவியில் போதிய பயிற்சி இல்லை. 20ஆம் தேதிப் படங்கள் நம்பத்தக்கவை அல்ல" என்று. உண்மைதானே. இதை வைத்து அவருடைய ஒப்பந்தத்தை நீட்டிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள் போல. அதற்கு நான் பொறுப்பில்லை.

சாயங்காலம் சைக்கிள் ஸ்டாண்டில் ஞானதுரை நின்றிருந்தார். சண்டைக்கு வருவார் என்று தயாராகத்தான் போனேன். "ஒரே ஒரு விஷயம் கேக்கணும் மேடம்" என்றார். "அன்னைக்குக் கூண்டு கழுவணும்னு அண்ணாச்சி நாடாவெல்லாம் அவுத்துப் போட்டிருந்தாவ. எது மருந்து முயலு, எது தண்ணி முயலுன்னு எனக்குக் கடைசி வர தெரியாது. அதனால எதுவும் கெட்டிருக்குமா?"

"தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்ன? பெடலுக்குத் தெரியுமா?" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். வண்ணார்பேட்டை சிக்னலில் பச்சை விழுந்தும் நான் எடுக்கவில்லை என்று பின்னாலிருந்து ஹாரன் அடித்துத் தள்ளிவிட்டார்கள்.

ஜூன் 23, வெள்ளி

அடுப்படி அலமாரி முழுக்க இறக்கிக் கழுவினேன். டப்பாக்களுக்குப் புதிதாகப் பெயர் ஒட்டினேன். "தீபாவளி சீக்கிரம் வந்துட்டோ?" என்றார் இவர். பதில் சொல்லவில்லை. சாப்பாட்டில் உப்பில்லை என்றார், அதற்குச் சொன்னேன்.

ஜூன் 24, சனி

டிபன் டப்பாவை மறந்துவிட்டேன் என்று சொல்லிக் கூடத்துக்குப் போனேன். லீவு நாள், யாரும் இல்லை. வந்ததுதான் வந்தோம் என்று பழைய படங்களை ஓட்டிப் பார்த்தேன்.

நாலாம் நம்பர், பச்சை நாடா, மூன்றாவது வாரம். முதல் சட்டத்திலேயே, அதாவது ஓடும் படத்தின் முதல் ஃபிரேமிலேயே, பின்னணி லேசாக வெளுத்திருக்கிறது. முதல் சட்டம் கன்னங்கரேலென்று இருக்க வேண்டும், ஏனென்றால் நான் மிதிக்கும்போது சாயம் இன்னும் காதைத் தாண்டியிருக்காது. ஒன்பதாம் நம்பரும் அப்படியே. பதினொன்றும். உப்புநீர் முயல்களை ஓட்டினேன். ஆறும் கன்னங்கரேல்.

கேமரா விளக்கில்தான் ஏதோ கோளாறு. சர்வீஸ்காரரை வரச் சொல்ல வேண்டும்.

டிபன் டப்பாவை எடுக்காமலே வந்துவிட்டேன். வீட்டில்தான் இருந்தது.

ஜூன் 25, ஞாயிறு

தலைவலி. கறி எடுக்கவில்லை.

ஜூன் 26, திங்கள்

மாடசாமி அண்ணாச்சியிடம் தனியாகப் பேசினேன். நாளைக்குக் காலையில் நாடா எல்லாவற்றையும் அவிழ்த்துவிட வேண்டும், முயல்களைக் கூண்டு மாற்றிப் போட வேண்டும், காதில் இருக்கும் நம்பர்மேல் டேப் ஒட்ட வேண்டும், எந்த வரிசையில் மேசைக்கு வந்தன என்பதை அவர் மட்டும் எழுதிப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும், படம் எடுத்து முடிந்த பிறகு என்னிடம் தர வேண்டும்.

"எதுக்குத் தாயி இம்புட்டு?"

"சும்மா ஒரு சோதனை அண்ணாச்சி."

"முயலுக்கா?"

"கேமராவுக்கு."

"நிஷாம்மா கேட்டா?"

"நம்பர் மங்கிட்டு, புது மை வச்சிருக்கேன், காயட்டும்னு சொல்லுங்க."

என்னை ஒரு மாதிரி பார்த்தார். இருபது வருஷம் வாயில்லாத ஜீவன்களோடு இருக்கிற மனிதரிடம் பொய் சொல்வது கஷ்டம்.

ஜூன் 27, செவ்வாய்

பன்னிரண்டும் எடுத்தோம். திரையைப் பார்க்காமல் சுவரில் இருக்கிற தீயணைப்பு அட்டையைப் பார்த்துக்கொண்டே மிதித்தேன். "என்னக்கா, திரும்பவே மாட்டேங்கறீங்க?" என்று நிஷா கேட்டாள். கழுத்துச் சுளுக்கு என்றேன்.

மூன்று மணிக்கு அண்ணாச்சி சீட்டைக் கொடுத்தார். நானே உட்கார்ந்து வினாடி பார்த்தேன்.

இன்று எதுவும் எழுதுவதற்கில்லை. தோசை கருகிவிட்டது.

ஜூன் 28, புதன்

சர்வீஸ்காரர் வந்தார். விளக்கு சரியாக இருக்கிறது. "பெடல பாருங்க" என்றேன். குப்புறக் கவிழ்த்துக் கழற்றிப் பார்த்து மாட்டினார்.

"பெடல்ல ஒரு குறையும் இல்ல மேடம். மிதிச்ச உடனே எடுக்கு."

"நல்லா மிதிச்சுப் பாத்தீங்களா?"

"இருபது வாட்டி மிதிச்சாச்சு. மிதிக்கிற ஆளு சரியா மிதிச்சா அது சரியாத்தான் எடுக்கும்."

அவன் மூஞ்சியும் அவனும்.

ஜூன் 29, வியாழன்

சார் கூப்பிட்டார். செவ்வாய்ப் படங்களையும் படித்துவிட்டார். "ரெண்டு வாரமா வித்தியாசமே காணும். அந்த ஆளு இருபதாம் தேதி கேமராவுல எதையோ திருகி வச்சிருக்காரு, அதான் உங்க படமும் கெட்டுப்போச்சு. ரெண்டு வாரத்தையும் எடுத்துட்டு முதல் நாலு வாரத்தோட நிஷா ஹைதராபாத் போகட்டும். கேமரா பழுதுன்னு ஒரு கடிதாசி கொடுத்துருங்க" என்றார்.

"சர்வீஸ்காரர் சரியா இருக்குன்னு எழுதியிருக்காரே சார்."

"அதை நான் பாத்துக்கிடுதேன்."

தலையாட்டிவிட்டு வந்தேன். என் பெயருக்கு ஒரு கீறல் இல்லை. நிஷா போவாள், பட்டம் வாங்குவாள். எல்லோருக்கும் நல்லது. ஞானதுரை ஒருத்தரைத் தவிர. அவர் தன் மேல்கோட்டை மடித்து அலுவலகத்தில் ஒப்படைக்க எடுத்துப் போய்க்கொண்டிருந்தார். நாளைதான் கடைசி நாள். "சொல்லிக் கொடுத்ததுக்கு நன்றி மேடம்" என்றார். குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை.

சரி. எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை வேறு யாரும் படிக்கப் போவதில்லை.

பச்சை நாடா முயல் வரும்போது நான் ஆசையாகத் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். "போட்டாச்சு" காதில் விழுகிறது, ஆனால் கண்தான் முழுசாக விழித்திருக்கிறது, கால் பிந்திவிடுகிறது. கடிகாரம் தாமதமாகத் தொடங்குவதால் சாயம் சீக்கிரம் வந்ததுபோல் தெரிகிறது. மற்ற முயல்களில் எனக்கு அக்கறை இல்லை, அதனால் சொன்ன உடனே மிதிக்கிறேன். மருந்து ரத்தத்தை ஒரு வினாடி வேகமாக்கவில்லை. நான் ஒரு வினாடி பிந்தினேன். ஞானதுரைக்கு ஆசை இல்லை, அதனால் அவர் படம்தான் சரியான படம். எது எந்த முயல் என்று தெரியாமல் சுவரைப் பார்த்து நான் மிதித்தபோது என் படமும் அவர் படம்போலவே வந்தது.

வேண்டுமென்று செய்யவில்லை. இதை நூறு தடவை எழுதினாலும் என் மனசு ஆறாது.

ஜூன் 30, வெள்ளி

காலை ஒன்பது மணிக்கே சார் அறைக்குப் போனேன். கேமரா கடிதத்துக்குப் பதில் வேறு கடிதம். முன்பு எழுதிய நாலு வரியைத் திரும்பப் பெறுகிறேன் என்றும், தவறு என் காலுடையது என்றும். அண்ணாச்சி சீட்டையும் பழைய படங்களின் முதல் சட்டங்களையும் கூடவே வைத்தேன்.

சார் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஏசுவார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார்.

"நீங்க சொல்லாட்டா இது யாருக்குமே தெரிஞ்சிருக்காதே" என்றார்.

"தெரிஞ்சிருக்காது சார். ஞானதுரை ஊருக்குப் போயிருப்பாரு, அவ்வளவுதான்."

படங்களை அடுக்கிக்கொண்டே, "படிக்கிற என் கண்ணைக் கட்டினேன், மிதிக்கிற காலைக் கட்டலையே" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அலுவலகத்துக்குப் போன் போட்டு ஞானதுரையை விடுவிக்கிற தாளை நிறுத்தி வைக்கச் சொன்னார். என்னைப் போகச் சொல்லிக் கை காட்டினார்.

நிஷாவிடம் நானே சொல்ல வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். முயல் அறையில் சொன்னேன். கையில் இருந்த கீரைக்கட்டை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப மருந்து வேலை செய்யலையா?"

"தெரியலைம்மா. செய்யலைன்னும் சொல்ல முடியாது. இதுவரைக்கும் நாம அதப் பாக்கவே இல்ல."

"மூணு வருஷம்க்கா."

"தெரியும்."

"உங்களுக்குத் தெரியாது. எங்க வாப்பாகிட்ட ஒவ்வொரு வருசமும் இன்னும் ஒரு வருசம், இன்னும் ஒரு வருசம்னு கெஞ்சி வாங்கினது உங்களுக்குத் தெரியாது. ஹைதராபாத்துக்கு உம்மா புதுச் சேலை எடுத்து வச்சிருக்கா. நான் என்ன போய்ச் சொல்ல? எங்க அக்கா ஆசப்பட்டுட்டாவன்னா?"

நான் அழுதேன். அவள் அழவில்லை. கீரையை ஒவ்வொரு கூண்டாகப் போட்டுவிட்டு, என்னைப் பார்க்காமலே கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

இவரிடம் சொன்னேன். வழக்கமான நக்கல் எதையும் காணோம். எனக்கும் சேர்த்துக் காபி போட்டுக்கொண்டு வந்தார். சர்க்கரை அதிகம், குடித்துவிட்டேன்.

ஜூலை 2, ஞாயிறு

நிஷாவுக்கு இரண்டு தடவை போன் அடித்தேன். எடுக்கவில்லை. நியாயம்தான்.

ஜூலை 4, செவ்வாய்

ஹைதராபாத் இல்லை என்று ஆகிவிட்டது. முதல் நாலு வாரமும் கணக்கில் சேராது. இன்றிலிருந்து எட்டு வாரம் புதிதாக எண்ணுவார்கள். ஆகஸ்ட் கெடுவைத் தள்ளிவைக்கச் சொல்லி சார் நிஷாவுக்காகப் பல்கலைக்கழகத்துக்கு எழுதியிருக்கிறார், பதில் வரவில்லை. ஞானதுரைக்கு மூன்று மாதம் நீட்டித்திருக்கிறார்கள். பெடல் இனி அவருடையது. மருந்துப் புட்டியும் உப்புநீர்ப் புட்டியும் ஒரே மாதிரி ஆகிவிட்டன. எந்தப் புட்டியில் மருந்து என்பது அண்ணாச்சிக்கே தெரியாது, அந்த விவரம் உறையில் ஒட்டி சார் பீரோவில் இருக்கிறது. காது நம்பர்மேல் டேப். நாடா எங்கும் இல்லை.

எனக்கு முயலைப் பிடித்துக்கொள்கிற வேலை. பதினாறு வருஷத்துக்குப் பிறகு திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். மயக்கத்தில் இருக்கிற முயலின் தலையை அசையாமல் தாங்க வேண்டும், அவ்வளவுதான். யார் வேண்டுமானாலும் செய்யலாம்.

நிஷா காலையிலிருந்து என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. "இந்தக் காதைப் பிடிங்க" என்றுகூடச் சொல்லவில்லை, அவளே பிடித்துக்கொண்டாள். ஞானதுரை பாவம், இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு பெடலையே பார்த்தபடி நின்றார்.

ஆறாவதோ ஏழாவதோ வந்த முயல். "போட்டாச்சு" என்றாள் நிஷா. பெடல் சத்தம் உடனே கேட்டது, முடி அளவு கூடப் பிந்தவில்லை. என் உள்ளங்கையில் அந்தச் சின்னத் தலை சூடாக இருந்தது. சீக்கிரம் வா, சீக்கிரம் வா என்று மனசு அடித்துக்கொண்டது. எவ்வளவு பட்டும் புத்தி வரவில்லை எனக்கு. இது மருந்து முயலாக இருக்கட்டும், ரத்தம் ஓடட்டும், இந்தப் பெண் பிழைத்துக்கொள்ளட்டும். என்னால் இனி எதையும் மாற்ற முடியாது என்று தெரிந்தும் வாய்க்குள்ளேயே வேண்டிக்கொண்டிருந்தேன்.

நிமிர்ந்தபோது நிஷா சிரிஞ்சைக் கையில் பிடித்தபடி அசையாமல் நின்றாள். அவளும் திரையைப் பார்க்கவில்லை. உதடு மட்டும் சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தது. நான் பார்ப்பதைக் கண்டாள். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள், பார்த்தபடியே இருந்தாள், ஞானதுரை "வந்துட்டு" என்று சொல்லும்வரை.